மலை ஏன் சரிகின்றது?
(நேபாள நாட்டு நிலச்சரிவுகளும் அவற்றைத் தடுக்கும் வழிகளும்)

அசையாமைக்கு உவமை கூறப் புகுந்த புலவர் பலரும் மலையையே எடுத்துக் காட்டினர். நன்னூலாரும் நல்லாசிரியர்க்குரிய உவமைகளுள் மலையையும் ஒன்றாக வைத்தார். காற்றுக்கும் மழைக்கும் கலங்காது நிற்பது மலை என்பது நம்மனோர் துணிபு. ஆயினும், மலையே தன்னிலை பெயர்ந்து கீழிறங்கித் தன் அடியில் வாழ்வாரை மூடிவிடும் நாடுகளும் இவ்வுலகில் உள. அவற்றுள் நேபாளம் தலையாயதொன்று. அந்நாட்டில் மலைகள் சரிவதற்குக் காரணம் யாது? சரியப்போகும் மலையை முன்னரே அறிவது எங்ஙனம்? செல்வம் மிகுதியில்லாத ஒரு நாடு தன் கைப்பொருளுக்குள் அதனைத் தடுத்தல் கூடுமா? இம்மூன்று வினாக்களுக்கும் இயன்ற விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நேபாளம் ஏறக்குறைய 1,47,000 சதுர கிலோமீட்டர் பரப்புடைய நாடு. தெற்கே கங்கைச் சமவெளியை அடுத்துத் தராய் என்னும் தாழ்நிலம் உள்ளது. அதற்கு வடக்கே சிவாலிக் குன்றுகளும், அவற்றின் பின் மகாபாரத மலைத்தொடரும், அதன் பின் உழவர் செறிந்து வாழும் நடுமலை நாடும், எல்லாவற்றிற்கும் அப்பால் பனி மூடிய பேரிமயமும் படிப்படியாக உயர்ந்து நிற்கின்றன. தெற்கெல்லையில் நூறு மீட்டருக்கும் குறைந்த உயரமுள்ள நிலம், ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டருக்குள் 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்டுச் சிகரமாகிவிடுகின்றது. இத்துணைச் செங்குத்தான நாட்டில், மக்கள் உழுவதும் உறங்குவதும் சரிவின்மேலன்றி வேறெங்கே?

முதற்கண் இம்மலைகளின் பிறப்பை நோக்குவாம். இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து ஆசிய நிலத்தட்டோடு மோதி அதன் அடியிற் புகுந்தமையால் இமயம் எழுந்தது என்பர் நிலநூல் வல்லார். அந்நகர்ச்சி இன்னும் ஓய்ந்திலது. நம் தென்னாட்டுப் பாறைகளுட் பல 250 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. இமயம் எழத் தொடங்கியதோ ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னரேயாம். ஆதலின் அது முதிர்ந்த மலையன்று. இன்றும் வளர்கின்ற இளமலை. மலை உயர உயர, ஆறுகள் அதன் அடியை ஆழ அறுக்கின்றன. அடி அறுபட அறுபட, சரிவு செங்குத்தாகின்றது. அம்மோதலில் நெரிந்த பாறைகளும் உறுதியுடையன அல்ல. சிவாலிக் குன்றுகளிற் காண்பன பெரும்பாலும் மென்மையான மணற்பாறையும் களிப்பாறையுமே. நடுமலை நாட்டிலோ, சிலேட்டுப் பலகை போல ஏடேடாகப் பிளக்கும் பாறைகள் மிகுதி.

இவ்வேடுகள் எப்பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்பது பெரிதும் கருதத்தக்கது. ஓர் ஓலைச்சுவடியைக் கயிறு அவிழ்த்துச் சாய்ந்த பலகையின்மேல் வைத்துப் பார்க்க. ஏடுகள் பலகையின் சாய்வோடு ஒத்துக் கிடந்தால், சிறிது தட்டினும் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கி விழும். ஏடுகளின் சாய்வு அதற்கு எதிர்ப்புறமாக அமையின், அவை அங்ஙனம் எளிதில் வழுக்கா. மலையும் அத்தகையதே. ஒரே பள்ளத்தாக்கின் ஒரு கரை ஆண்டுதோறும் சரிய, எதிர்க்கரை நூற்றாண்டுகளாக நிலைத்து நிற்றலை நேபாளத்திற் பலவிடங்களிற் காணலாம். சாலையை எக்கரையில் அமைப்பது என்று தேர்வதிலேயே பாதிப் பாதுகாப்பு அடங்கியுள்ளது.

பாறையின் இயல்பு இங்ஙனமிருப்ப, மழையோ ஆண்டு முழுதும் பரவிப் பெய்வதன்று. ஆண்டு மழையில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு திங்களிற் பெய்துவிடுகின்றது. நீர் மண்ணின் கனத்தை மிகுவிப்பதாலேயே மலை சரிகின்றது என்று பலர் எண்ணுவர். அது பாதி உண்மையே. மற்றப் பாதியை விளக்கியவர் காரல் தெர்சாகி என்னும் ஆஸ்திரிய அறிஞர். 1925-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலே மண்ணின் இயக்கத்தை ஆராயும் கலைக்கு அடிப்படையாயிற்று. மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்தி நிற்பதனால் அவற்றிடையே உராய்வு உண்டாகின்றது. அவ்வுராய்வே சரிவைப் பெரிதும் தாங்குவது. துகள்களின் இடைவெளியில் நீர் நிறைந்து அழுத்தம் பெறுமாயின், துகள்கள் சுமக்கும் பாரத்தில் ஒரு பங்கை அந்நீர் தான் ஏற்றுக்கொள்கின்றது. அப்பொழுது துகள்களின் பிடி தளர்கின்றது.

இதனை ஓர் உவமையால் விளக்குவாம். கழிமுகத்தில் நீர் வற்றிய வேளையிற் தரை தட்டிக் கிடக்கும் தோணியை நால்வர் கூடியும் இழுத்தல் அரிது. ஓதம் ஏறிய பின், ஒரு சிறுவன் அதனைக் கயிறு பற்றி இழுத்துச் செல்வான். தோணியின் எடை குறைந்திலது. அது தரையை அழுத்தும் அழுத்தமே குறைந்தது. மழைக்காலத்து மலைச்சரிவும் அத்தோணியை ஒத்ததே. மேலே விழுந்து வழிந்தோடிய மழையைக் காட்டிலும், வெளியேற வழியின்றி மலைக்குள் தங்கிய நீரே பெருங்கேடு விளைப்பது. இவ்வொன்றை மனத்திற் கொள்வார்க்கு, இனிக் கூறப்போவன யாவும் எளிதில் விளங்கும்.

மூன்றாவது காரணம் நிலநடுக்கம். 2015 ஏப்ரல் 25-ஆம் நாள் கோர்க்கா மாவட்டத்தை மையமாகக் கொண்டு 7.8 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. ஏறக்குறைய ஒன்பதினாயிரம் மக்கள் மாண்டனர். அதனாலும் அதன் பின்னதிர்ச்சிகளாலும் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட சரிவுகள் உண்டாயின என்பது, துணைக்கோட் படங்களை நோக்கி எண்ணியவர் கண்ட கணக்கு. அன்று விழாது வெடிப்புற்று மட்டும் நின்ற சரிவுகளும் பல. அவ்வெடிப்புக்களுள் மழைநீர் புகுதலால், அடுத்தடுத்த ஆண்டுகளில் அவற்றுட் சில விழுந்தன.

மலை சரிவதனால் விளைவது யாதென்பதற்கு ஜுரே ஊரின் நிகழ்ச்சி ஒன்றே போதிய சான்று. காத்மாண்டுவிலிருந்து திபெத்து எல்லைக்குச் செல்லும் அரணிகோ நெடுஞ்சாலையில், சிந்துபால்சோக் மாவட்டத்தில், சுன்கோசி ஆற்றங்கரையில் உள்ளது அவ்வூர். 2014 ஆகஸ்டு 2-ஆம் நாள் பொழுது புலருமுன், மக்கள் உறங்கிக் கிடக்கையில், ஊருக்கு மேலிருந்த மலை சரிந்து ஆற்றையும் கடந்து விழுந்தது. 156 பேர் மாண்டனர். அவருட் பலருடைய உடலும் கிடைத்திலது. ஆறு அடைபட்டு ஏரியாயிற்று. நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் ஒரு சிறு நீர்மின் நிலையமும் அதனுள் மூழ்கின. நேபாளப் பட்டாளத்தார் வெடிவைத்து நீர் வெளியேறச் சிறு வழி செய்தனர். அவ்வேரி உடையின் வெள்ளம் கோசி ஆற்றின் வழியே பாயுமென அஞ்சிப் பீகாரிலும் ஆயிரக்கணக்கானோர் கரையோர ஊர்களினின்று அகற்றப்பட்டனர். அதே சரிவில் முன்னரும் சிறு சரிவுகள் நிகழ்ந்திருந்தன என்பதும், அவற்றின் தழும்புகள் பழைய துணைக்கோட் படங்களிலேயே தெரிகின்றன என்பதும் பின்னர் அறியவந்தன. மலை முன்னரே அறிவித்திருந்தது. அதனைக் கேட்டறிந்து ஊராரை விலக்குதற்குரிய ஏற்பாடே இல்லாதிருந்தது.

இத்தகைய சாவுகளைக் கேள்வியுறுங்கால் ‘விதி’ என்பாரும், ‘தெய்வ தண்டனை’ என்பாரும் உளர். சீலோவாமிற் கோபுரம் விழுந்து பதினெண்மர் மாண்டபோது, அவர்கள் மற்றையோரினும் பெரும்பாவிகள் என்னும் எண்ணத்தை நம் ஆண்டவர் மறுத்தருளினார் என்பதை நாம் படித்திருக்கின்றோம். இடிபாட்டின் கீழ் அகப்பட்டோர் மீதே பழியைச் சுமத்தும் வழக்கம் அத்துணைப் பழமையானது. அறிஞர் உலகமும் அதற்கு விலக்கன்று. நேபாள மலைவாணர் காட்டை வெட்டிப் படிவயல் அமைத்தமையே நிலச்சரிவுக்கும் கீழ்நாட்டு வெள்ளத்துக்கும் தலையாய காரணம் என்னும் கொள்கை 1970-களில் மேனாட்டாரிடையே பரவிற்று. 1989-இல் ஜாக் ஐவ்ஸ், புருனோ மெஸ்ஸர்லி என்னும் இருவர் தாம் எழுதிய நூலில் அக்கொள்கைக்குப் போதிய சான்றில்லை என்று காட்டினர். காட்டை அழிப்பதனால் தீங்கில்லை என்பது இதன் கருத்தன்று. மரவேர் மேல்மண்ணைப் பற்றிக் காக்கும். ஆயினும் பல மீட்டர் ஆழத்தில் நகரும் பெருஞ்சரிவை வேர் எட்டுவதில்லை. இமயம், உழவன் கோடரி எடுப்பதற்கு நெடுங்காலம் முன்னரே சரியத் தொடங்கிய மலை.

உண்மை நோக்கின், அம்மலைவாணர் நீரின் இயல்பை நன்கறிந்தவர். அவர்தம் வயல்கள் இருவகைப்படும். வரப்புக் கட்டி நீர் நிறுத்தி நெல் விளைப்பது ‘கேத்து’ எனப்படும். மழையை நம்பி மக்காச்சோளமும் கேழ்வரகும் விளைப்பது ‘பாரி’ எனப்படும். கேத்து மட்டமாயிருக்கும், பாரியோ நீர் தங்காது வழியுமாறு வெளிப்புறம் சாய்ந்திருக்கும். கேத்து நிலம் அசையக் காணின், உழவர் அவ்விடத்தில் நீர் கட்டுவதை நிறுத்தி அதனைப் பாரியாக மாற்றிவிடுவதுண்டு. நெற்சோறு விரும்பும் குடும்பத்திற்கு அது சிறிய இழப்பன்று. தன் விளைவைக் குறைத்து மலையைக் காக்கும் அவ்வுழவன் தெர்சாகியின் நூலைக் கண்டிலன். அதன் பயனை அறிந்திருக்கின்றான்.

எனின், அண்மைக் காலத்தில் மனிதரால் விளையும் சரிவுகளுக்குக் காரணம் யாது? முதன்மையான விடை, ஆராயாது வெட்டப்படும் சாலை என்பதே. சாலையே வேண்டாமென்று கூறுதல் அறமன்று. நோயாளியைக் கூடையில் வைத்து முதுகிற் சுமந்து நாள் முழுதும் நடந்து மருத்துவமனை சேர்ந்த மக்களுக்குச் சாலை உயிர் போன்றது. ஆனால் சாலையை வெட்டும் முறை ஒன்றுண்டு. அளவையும் ஆராய்ச்சியுமின்றி, வாடகைக்குக் கொணர்ந்த புல்டோசர் எந்திரத்தால் சில நாளில் மலையைக் கீறிவிடுவது இன்று நேபாள ஊர்ப்புறங்களிற் பெருகிவிட்டது. இதனால் விளையும் கேடுகள் மூன்று. முதலாவது, மேற்சரிவு தன் அடித்தாங்கலை இழக்கின்றது. இரண்டாவது, வெட்டிய மண் கீழ்ச்சரிவில் தள்ளப்பட்டு அதன் பாரத்தை மிகுவிக்கின்றது. மூன்றாவது, வடிகாலில்லாத சாலையே மழைக்காலத்திற் கால்வாயாகி, பல ஓடைகளின் நீரை ஒருங்கு திரட்டி ஒரே இடத்தில் மலைக்குள் இறக்குகின்றது. மூன்றனுள்ளும் கொடியது இதுவே.

பெரிய சாலைகளும் இவ்விடரினின்று நீங்கியவை அல்ல. 2024 ஜூலை 12-ஆம் நாள் வைகறையில், நாராயண்காட்டுக்கும் முக்லிங்குக்கும் இடையே சிமல்தால் என்னுமிடத்தில் விழுந்த சரிவு, அறுபதுக்கு மேற்பட்டோர் இருந்த இரண்டு பஸ்களைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளிற்று. உயிர் தப்பினோர் மிகச் சிலரே. அச்சாலை சில ஆண்டுகளுக்கு முன்னரே அகலமாக்கப்பட்டதொன்று.

இனி, சரியப்போகும் மலையை அறியும் முறையைக் கூறுவாம். அவ்வாராய்ச்சி கண்ணாலும் காலாலும் தொடங்குவது. சரிவின் மேற்பகுதியிற் பிறைவடிவான வெடிப்புக்கள் தோன்றுதல், மரங்களும் கம்பங்களும் ஒருபுறம் சாய்தல், வீட்டுக்கதவு நிலையிற் பொருந்தாது இறுகுதல், தெளிந்து ஓடிய ஊற்று கலங்குதல், பழைய ஊற்று வற்றிப் புதிய ஊற்று வேறிடத்திற் கசிதல், சரிவின் அடி புடைத்தல் ஆகிய இவை மலையின் நோய்க்குறிகள். இவற்றை முதலிற் காண்போர் நாள்தோறும் அவ்வழியே நீர் சுமக்கும் பெண்டிரும் ஆடு மேய்க்கும் சிறாருமே. ஆதலின் நல்ல ஆராய்ச்சியாளர் ஊரை வினவிய பின்னரே கருவியைத் திறப்பர்.

அதன் பின் நிலப்படம் வரைதல் வேண்டும். வானூர்தியினின்று எடுத்த இரண்டிரண்டு படங்களை இணைத்து நோக்கினால் மலை மேடுபள்ளத்தோடு தோன்றும்; பழைய சரிவுகளின் தழும்புகளும் தெரியும். பாறை வகை, ஏடுகளின் சாய்வு, சரிவின் அளவு, நீரோட்டம், நிலப்பயன் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, இவ்விடம் அஞ்சத்தக்கது, இவ்விடம் அஞ்சவேண்டாதது என்று பகுப்பர். இக்காலத்தில், 2014 முதல் விண்ணிற் சுழலும் ஐரோப்பியரின் சென்டினல் துணைக்கோள்கள் ரேடார் அலைகளைச் செலுத்திச் சரிவின் மிக மெல்லிய நகர்ச்சியையும் அளக்க உதவுகின்றன. மலைக்குள் துளையிட்டுக் குழாய் இறக்கி, உள்ளே நீர்மட்டம் எவ்வளவு உயர்கின்றது என்றும், எந்த ஆழத்தில் மண் நகர்கின்றது என்றும் அறிவதுண்டு. இவை பொருட்செலவு மிக்கவை. பொருளில்லாத ஊருக்கும் ஒரு கருவி உண்டு. வெடிப்பின் இருபுறமும் இரண்டு முளைகளை அடித்து, அவற்றின் இடைத்தூரத்தை நாள்தோறும் அளந்து எழுதிவந்தால், தூரம் விரைந்து பெருகும் நாள் ஊரை விட்டு விலகவேண்டிய நாள் என்பது விளங்கும்.

மழையை அளத்தலும் இன்றியமையாதது. ரஞ்சன் குமார் தகால், ஷுயிச்சி ஹசெகாவா என்னும் இருவர் 1951 முதல் 2006 வரை நேபாளத்தில் நிகழ்ந்த 193 சரிவுகளை ஆராய்ந்து 2008-இல் தம் முடிவை வெளியிட்டனர். ஒரு நாளில் 144 மில்லிமீட்டருக்கு மேல், அஃதாவது ஆறங்குலத்திற்குச் சிறிது குறைய, மழை பெய்யின் அங்கே சரிவை எதிர்பார்க்க வேண்டும் என்பது அவர் கண்டது. இவ்வெல்லையை அறிந்தால் ஊருக்கொரு மழைமானியே காவலாளியாகும். ஆயினும் எச்சரிக்கை செயலாக மாறாவிடிற் பயனில்லை. 2024 செப்டம்பர் இறுதியில் வரவிருந்த பெருமழையைப்பற்றி வானிலை நிலையத்தார் முன்னரே அறிவித்திருந்தனர். அங்ஙனமிருந்தும் காத்மாண்டுவை நோக்கி வந்த பஸ்கள் மலைச்சாலையில் நின்றவாறே மண்ணுள் புதைந்தன. அம்மழையால் நாடெங்கும் மாண்டோர் இருநூற்றுவர்க்கு மேற்பட்டவர்.

தடுக்கும் வழிகளுள் முதலாவது நீரை நடத்துதல். வெடிப்பைக் களிமண்ணிட்டு மூடுதல், சரிவின் தலையிற் குறுக்குக் கால்வாய் வெட்டி நீரை வேறு வழியே திருப்புதல், மலைக்குள் துளைக்குழாய் செருகி உள்ளிருக்கும் நீரை வடித்தல், திரண்ட நீரைக் கற்படிகளின் வழியே இயற்கை ஓடைவரை இறக்கிவிடுதல் ஆகியன இதில் அடங்கும். நீரைப் பாதிவழியில் விட்டுவிடுதல், நோயைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புதல் போலாம்.

இரண்டாவது, சரிவின் அடியைத் தாங்குதல். இதற்கு நேபாளத்திற் பெரிதும் பயன்படுவது, கம்பிவலைக் கூடைகளிற் கல் நிறைத்து அடுக்கும் சுவர். கல் அவ்விடத்தே கிடைக்கும், ஊராரே அடுக்கலாம், நிலம் சிறிது அசையினும் அச்சுவர் வளைந்து கொடுக்கும். எல்லாவற்றிலும் மேலாக, அது மண்ணைத் தடுத்து நீரை விடும். நீர்ப்புழை வைக்காத சிமெண்டுச் சுவரோ, தன் பின்னே நீரைத் தேக்கித் தன்னைத்தானே தள்ளிக்கொள்ளும்.

மூன்றாவது, செடி கொடிகளாற் சரிவைப் போர்த்தல். தரானிலிருந்து தன்குட்டாவுக்கு ஆங்கிலேயர் உதவியுடன் அமைக்கப்பட்டு 1982-இல் முடிந்த மலைச்சாலையில் 1980-களில் இம்முறை நன்கு ஆராயப்பட்டது. பின்னர்ப் பிற சாலைகளுக்கும் பரவிற்று. மூங்கிலும், ‘உத்தீஸ்’ என்னும் மரமும், ‘அம்லிசோ’ என்னும் துடைப்பப் புல்லும் வரிசைவரிசையாக நடப்படுகின்றன. துடைப்பப் புல்லின் தழை மாட்டுக்குத் தீனி. அதன் பூங்கதிர் துடைப்பமாக விலைபோகும். வருவாய் தருவதனால் ஊரார் அதனைப் பேணிக் காக்கின்றனர். இப்பணிக்குரிய புற்களுள் உலகெங்கும் பெயர் பெற்றது, செங்குத்தாக ஆழ இறங்கும் வேருடைய வெட்டிவேர். மேனாட்டாரும் அதற்கு வேறு பெயர் காணாது நம் தமிழ்ச் சொல்லையே திரித்து வழங்குதல் நமக்கு உவகை தருவதாம்.

நான்காவது, சாலையை மலைக்கு இணங்க அமைத்தல். பல்பா, தாதிங் மாவட்டங்களில் வெளிநாட்டார் உதவியுடன் வளர்ந்த ‘பசுஞ்சாலை’ முறை இதற்கு எடுத்துக்காட்டு. எந்திரத்தை விலக்கி ஊராரே கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு வெட்டுவர். முதலாண்டிற் குறுகிய தடம் மட்டும் அமைப்பர். மழைக்காலம் ஒன்று கழிய விட்டு, நிலம் இறுகிய பின்னரே அகலப்படுத்துவர். வெட்டிய மண்ணைக் கீழே தள்ளாது, கற்சுவர் எடுத்து அதன் பின்னே நிரப்புவர். காலம் நீளும், ஆயினும் கூலி ஊராரிடமே தங்கும், மலையும் தங்கும்.

நிற்க, எல்லாச் சரிவையும் மனிதர் தடுத்துவிடலாம் என்று யாம் கூற வந்திலேம். 2015 நிலநடுக்கத்தில் லாங்டாங் ஊரைப் பனியும் பாறையும் மூடியபோது, முந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய பேரிடியை எச்சுவரும் தாங்காது. ஆண்டுச் செய்யத்தக்கது, மக்களை அவ்விடத்தினின்று பெயர்த்தலே. நிலநடுக்கத்தின் பின் அரசாங்கத்தார் நிலநூல் வல்லாரை ஊர்தோறும் அனுப்பி, வாழத்தக்கவை, சீர்செய்து வாழத்தக்கவை, விட்டுப் பெயரவேண்டியவை என மூவகையாகப் பகுத்தனர். பகுத்தல் எளிது, பெயர்த்தல் அரிது. உழவனுக்கு வீடு ஓரிடத்தும் வயல் ஓரிடத்துமாயின் வாழ்வேது? நிலநடுக்கத்தில் வெடிப்புற்ற சிந்துபால்சோக் மாவட்டத்தில், லிதி என்னும் ஊரின்மேல் 2020 ஆகஸ்டு 14-ஆம் நாள் மலை விழுந்து முப்பதின்மர்க்கு மேற்பட்டோரைக் கொண்டது. இடையில் கழிந்த ஆண்டுகள் ஐந்து. ஆகவே மாற்றிடம் தேடும்பொழுது வீட்டுக்கு மட்டுமன்றி விளைநிலத்துக்கும் வழிசெய்தல் வேண்டும். அதுவும் தடுப்புமுறையின் ஓர் உறுப்பே.

இதுகாறும் கூறியவாற்றான், மலை சரிதற்கு இயற்கையே அடிப்படையாயினும், சாவின் அளவு மனிதர் செயலைப் பொறுத்தது என்பது வெள்ளிடைமலை. தடுப்புக்கு வேண்டும் கல்லும் புல்லும் ஆளும் நேபாளத்தில் உள. வேண்டுவன, வெட்டுமுன் நோக்கும் பொறுமையும், ஊராரைக் கேட்கும் பணிவும், ஆண்டுதோறும் வடிகாலைத் தூர்வாரும் விடாமுயற்சியுமே. நம் கல்லூரியிற் பயில்வோருட் சிலர் இஞ்சினீயராகவும், சிலர் அதிகாரிகளாகவும், சிலர் ஆசிரியராகவும் பற்பல நாடுகளுக்குச் செல்வர். மலைநாடொன்றிற் பணிபுரியும் வாய்ப்பு அவருள் எவர்க்கேனும் கிடைக்குமாயின், சாலைக்குரிய காகிதத்திற் கையெழுத்திடுமுன் ‘இதன் நீர் எங்கே செல்லும்?’ என்னும் வினாவை ஒருமுறை கேட்பாராக. அவ்வினாவிற்கு நேரிய விடை கிடைக்கும் வரை, எழுதுகோலைத் திறவாதிருத்தலே அம்மலையடியில் உறங்கும் மக்களுக்கு அவர் செய்யும் முதல் உதவியாகும்.